காதல் கதைக்குள் ஒரு நூலகம்

ஜார்ஜெட் ஹேயர் காதல் நாவல் எழுதும்போது படித்தவை போர்க் கடிதங்கள், பயிர்த்தொழில், மெழுகுவத்தி விலை. அந்தப் படிப்பு அவர் கதைகளுக்கு என்ன செய்தது? அவர் படிக்காமல் விட்டது என்ன செய்தது?

அழகு, நிறங்கள், உடை, தொப்பி, வீட்டுச் சாமான், விலை, கடைகள். இப்படித் தலைப்புப் போட்டுப் பிரித்த நோட்டுப் புத்தகங்கள் ஜார்ஜெட் ஹேயரிடம் இருந்தன. இன்ன வருடம் மெழுகுவத்தி என்ன விலைக்கு விற்றது என்பதுகூட அவற்றில் உண்டு. வேறு நோட்டுகளில் சொற்களைச் சேர்த்தார்: சாப்பாடு, பீங்கான் பாத்திரம் பற்றிய சொற்கள், காதலர்கள் கொஞ்சிக்கொள்ளும் சொற்கள், யார் யாரை எப்படி அழைக்க வேண்டும் என்ற முறைகள். பத்திரிகைகளில் வந்த படங்களை வெட்டி எடுத்து வைத்தார். புதிய தகவல் கண்ணில் பட்டால் குறிப்பு அட்டையில் எழுதிக்கொண்டார். 1974-ல் அவர் இறந்தபோது வரலாற்று ஆதார நூல்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல் அவரிடம் இருந்தன. மூக்குப்பொடி டப்பிகளின் வரலாறும் அவற்றில் ஒன்று.

இத்தனையும் எதற்கு? ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சந்தித்து, சண்டை போட்டு, ஒருவரையொருவர் புரிந்துகொண்டு சேரும் கதையைச் சொல்வதற்கு.

காதல் கதைக்கு இவ்வளவு படிப்பு வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. மனசு இருந்தால் போதும், கற்பனை தானாக ஓடும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுதும் நாட்களில் எழுத்தாளர் எதைப் படிக்கிறாரோ, அதுவே அந்தக் கதையில் என்ன நடக்கலாம், யாருடைய காதல் கதையாகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. ஹேயரின் மேசையைப் பார்த்தால் இது புரியும். அந்த மேசைக்கு வராத புத்தகங்களை நினைத்தால் இன்னும் நன்றாகப் புரியும்.

தம்பிக்குச் சொன்ன கதை

ஹேயர் 1902-ல் லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் பிறந்தவர். பிள்ளைகள் எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் தடுக்காத அப்பா. கல்லூரிப் படியை ஹேயர் மிதிக்கவில்லை. உடம்பு சரியில்லாமல் இருந்த தம்பி போரிஸுக்குப் பொழுதுபோக ஒரு கதை சொல்லத் தொடங்கினார். அந்தக் கதை 1921-ல் 'தி பிளாக் மாத்' என்ற நாவலாக அச்சேறியபோது அவருக்கு வயது 19.

1926-ல் 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' வெளியான சமயம் இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம். பத்திரிகைகளில் விளம்பரம் இல்லை, மதிப்புரை இல்லை. ஆனாலும் 1,90,000 பிரதிகள் விற்றன. தன் புத்தகம் தானே நடக்கும் என்று ஹேயர் கண்டுகொண்டார். அதன் பிறகு பேட்டி என்று வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டார்.

கணவர் ரொனால்ட் ரூஜியர் சுரங்கப் பொறியாளர். அவருடைய வேலைக்காக ஆப்பிரிக்காவின் டாங்கனிகாவில் சில காலம் வாழ நேர்ந்தது. ஆதார நூல்கள் பெரும்பாலும் ஊரிலேயே தங்கிவிட, 'தி மாஸ்கரேடர்ஸ்' நாவலை அங்கே எழுதினார். அந்த நாவலில் காலப் பிழை என்று பின்னால் சுட்டிக்காட்டப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: லண்டன் கிளப் ஒன்றை அது தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே திறந்து வைத்துவிட்டார் என்பது. படித்ததெல்லாம் அந்த அளவுக்கு அவருக்குள் ஊறியிருந்தது.

1935-ல் 'ரீஜென்சி பக்' வந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றிய நிலையில் இளவரசர் ஆட்சிப் பொறுப்பைப் பார்த்த 1811 முதல் 1820 வரையிலான ஆண்டுகளைத்தான் ரீஜென்சி காலம் என்கிறார்கள். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் வெளிவந்த காலமும் அதுதான். ஆஸ்டின் தன் காலத்தை எழுதினார். வண்டிக் கட்டணமும் தபால் செலவும் அவருடைய வாசகர்களுக்குத் தெரிந்த விஷயம், விளக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஒன்றேகால் நூற்றாண்டு தள்ளிப் பிறந்த ஹேயரோ அவை ஒவ்வொன்றையும் தேடிப் படித்தே அந்த உலகுக்குள் நுழைய வேண்டியிருந்தது. இன்று உலகெங்கும் எழுதப்படும் ரீஜென்சி காதல் நாவல் என்ற வகை அந்த உழைப்பிலிருந்து பிறந்தது. சென்னையின் வாடகை நூலகங்களில் மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல் அடுக்குக்குப் பக்கத்தில் நின்று ஹேயரைத் தேடி எடுத்த ஒரு தலைமுறையே நம்மிடமும் உண்டு. அந்தப் புத்தகங்களை "சும்மா லவ் ஸ்டோரி" என்று ஒதுக்கியவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடிதத்துக்குக் காசு கொடுத்தது யார்?

விலைவாசி தெரிவதால் காதல் கதைக்கு என்ன லாபம்? தபாலை எடுத்துக்கொள்வோம்.

பிரிட்டனில் 1840-ல் தபால்தலை வரும் வரை, கடிதத்துக்குப் பெரும்பாலும் அதைப் பெறுபவரே காசு கொடுத்தார். எவ்வளவு தூரம், எத்தனை தாள் என்று பார்த்துக் கட்டணம் போட்டார்கள். உறை போட்டால் அதையும் ஒரு தாளாகக் கணக்கிட்டார்கள். அதனால் கடிதத் தாளையே மடித்து அரக்கு வைத்தார்கள். இன்னொரு தாள் போட மனம் வராதவர்கள், எழுதிய தாளைத் திருப்பி அதே வரிகளின் மேல் குறுக்காக எழுதினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் கட்டணம் கிடையாது என்பதால், அப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருந்த குடும்பத்துக்கு யோகம்தான்.

இதைப் படித்த எழுத்தாளருக்குக் கதை தானே கைக்கு வருகிறது. ஒரு பெண்ணுக்குக் கடிதம் வந்தால் வீட்டில் யாராவது காசு எடுத்துக் கொடுத்தாக வேண்டும். எனவே இரகசியம் கிடையாது. கல்யாணம் நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வதே முறையில்லை என்றிருந்த சமூகம் வேறு. ஒரு கடிதம் வந்துவிட்டால் வீடு முழுக்க, "நிச்சயம் ஆகிவிட்டதா?" என்று கேட்கத் தொடங்கிவிடும்.

சட்டமும் அப்படித்தான். 1753-ல் வந்த திருமணச் சட்டப்படி, இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர்கள் உரிமம் வாங்கி மணம் முடிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. எனவே எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் ஓடிப்போகும் காதலர்களின் ஊராயிற்று. லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல். சத்திரத்துக்குச் சத்திரம் குதிரை மாற்ற வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பணம் வேண்டும். நாட்கணக்கில் ஆகும் அந்தப் பயணத்தில் அண்ணன் துரத்திவரவும் நேரம் இருக்கிறது, பெண்ணுக்கு மனம் மாறவும் நேரம் இருக்கிறது. சாலை தூரமும் குதிரை வாடகையும் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பதற்றத்தை எழுத முடியும்.

வெலிங்டன் பேசியதை மட்டும்

ஹேயரின் படிப்பு உச்சத்துக்குப் போனது 1937-ல் வந்த 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி' நாவலில். களம் பிரஸ்ஸல்ஸ் நகரம், காலம் 1815 கோடை. லேடி பார்பரா சைல்ட் என்ற துடுக்கான இளம் விதவைக்கும், பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவின் உதவி அதிகாரி சார்ல்ஸ் ஆட்லிக்கும் காதல். ஜூன் 15 இரவு ரிச்மண்ட் சீமாட்டி கொடுத்த நடன விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே நெப்போலியன் நெருங்கிவிட்ட செய்தி வருகிறது. விருந்துடையோடு போர்முனைக்குப் போன அதிகாரிகள் உண்டு. மூன்றாம் நாள் வாட்டர்லூ போர்.

காதலர்கள் இருவரும் கற்பனை, சுற்றி நடப்பதெல்லாம் வரலாறு. இந்த நாவலில் வெலிங்டன் வாயில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் அவர் உண்மையில் பேசியது, அல்லது எழுதியது என்று ஹேயர் உறுதியாகச் சொன்னார். தன் கைக்குக் கிடைத்த படையை நொந்துகொண்டு வெலிங்டன் எழுதிய கடிதத்திலிருந்தே நாவலின் தலைப்பையும் எடுத்தார். அவருடைய நடையைப் பிடிப்பதற்காக வெலிங்டன் எழுதிய கடிதம் ஒன்றை விலை கொடுத்து வாங்கினார் என்றும் சொல்வார்கள். நாவலின் கடைசியில் படித்த நூல்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் வாட்டர்லூ போரைப் புரிந்துகொள்ள இந்தக் காதல் நாவலைப் படிக்கச் சொன்னார்கள் என்பது நெடுநாளாக வழங்கிவரும் செய்தி.

இந்த வெலிங்டன் நமக்கு அந்நியர் இல்லை. 1798-ல் ஆர்தர் வெல்லஸ்லி என்ற இளம் அதிகாரியாகச் சென்னை வந்து புனித ஜார்ஜ் கோட்டையில் தங்கியவர். மறு ஆண்டு திப்பு சுல்தானுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் இருந்தவர். குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் வெலிங்டன் அவர் பெயரைத் தாங்கியது. பல தொகுதிகளாக அச்சான அவருடைய போர்க் கடிதங்கள் இந்தியாவிலிருந்துதான் தொடங்குகின்றன.

1940-ல் வந்த 'தி ஸ்பானிஷ் பிரைட்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் நாயகனும் நாயகியும்கூட உண்மை மனிதர்கள். 1812 ஏப்ரலில் ஸ்பெயினின் படஹோஸ் கோட்டையை வெலிங்டனின் படை பிடித்தது. வெறி பிடித்த சிப்பாய்கள் ஊரைச் சூறையாடினார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். தப்பி வந்த இரண்டு சகோதரிகள் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் அடைக்கலம் கேட்டார்கள். இளையவள் ஹுவானாவை ஹாரி ஸ்மித் என்ற அதிகாரி சில நாட்களிலேயே மணந்துகொண்டார். அவளுக்கு வயது 14. படையோடு படையாக அவள் நடந்தாள், திறந்த வெளியில் தூங்கினாள். தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் நகரம் அவள் பெயரால் வந்தது. ஹாரி ஸ்மித்தின் சுயசரிதையையும் அந்தப் படையிலிருந்த மற்றவர்களின் நினைவுக் குறிப்புகளையும் வைத்து ஹேயர் இந்த நாவலைக் கட்டினார்.

இன்று படிக்கும் நமக்கு 14 வயது உறுத்தத்தான் செய்கிறது, உறுத்தவும் வேண்டும். கற்பனையாக இருந்தால் எழுத்தாளர் வயதைக் கூட்டியிருக்கலாம், சூறையாடலைத் தவிர்த்திருக்கலாம். ஆதாரத்தைப் படித்தவரால் அது முடியவில்லை. அந்தக் காதல் எந்த மண்ணில் முளைத்தது என்பதை வாசகர் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

காதலும் வயல் வடிகாலும்

போரை விட்டு வயலுக்கு வருவோம். ஹேயரின் நாவல்களில் எனக்கு மிக நெருக்கமானது 1961-ல் வெளியான 'எ சிவில் கான்ட்ராக்ட்'. அப்பா வைத்துவிட்டுப் போன கடனில் மூழ்கிய ஆடம் டெவரில், தான் காதலித்த அழகி ஜூலியாவை விட்டுவிட்டு, பெரும் பணக்கார வியாபாரியின் மகள் ஜென்னியை மணக்கிறான். ஜென்னி அழகி இல்லை. தன்னை அவன் எதற்காக மணந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவனை அவள் முன்பிருந்தே நேசிக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

இவர்கள் எப்படி நெருங்குவது? நிலாவும் பாட்டும் இல்லை. பாழடைந்த பண்ணையை எப்படி மீட்பது என்ற கேள்வி இருக்கிறது. ஈர நிலத்துக்கு வடிகால் போடுவது, பயிரை மாற்றிப் பயிரிடுவது, புதிய உழவு முறைகள் என்று ஆடம் இறங்குகிறான். அக்காலத்தில் நார்ஃபோக் சீமையின் ஹோல்கம் பண்ணையில் தாமஸ் கோக் செய்த சீர்திருத்தங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. அந்தப் பேச்சு நாவலுக்குள்ளும் வருகிறது. கணவனுக்குப் பிடித்தது தனக்கும் புரிய வேண்டும் என்று ஜென்னி கற்றுக்கொள்கிறாள். கதையின் திருப்பமும் பொருளாதாரம்தான். வாட்டர்லூவில் தோற்றுவிட்டோம் என்ற வதந்தியில் லண்டன் பங்குச் சந்தை ஆடிப்போகிறது. விற்றுவிடு என்கிறார் மாமனார். வெலிங்டனோடு போர்க்களத்தில் நின்றவன் ஆடம். தன் தளபதியை நம்பி, எல்லோரும் விற்கும்போது வாங்குகிறான்.

கடைசியில் ஆடமுக்கு ஜென்னியின் மேல் வருவது பித்து இல்லை, ஒட்டுதல். இவள் இல்லாமல் என் நாள் ஓடாது என்ற தெளிவு. நம் வீடுகளில் பார்த்துவைத்த கல்யாணத்துக்குப் பிறகு மெல்ல வளர்ந்த அன்பைக் கண்டவர்களுக்கு இந்த நாவல் உடனே பிடிபடும். பயிர்த்தொழிலையும் பங்குச் சந்தையையும் படிக்காத எழுத்தாளர் ஆடமையும் ஜென்னியையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கலாம்; பேச வைத்திருக்க முடியாது.

படித்ததை மறைக்கும் கலை

படித்ததையெல்லாம் கொட்டிவிட்டால் கதை மூச்சு முட்டும். 'ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி'யிலேயே கடைசிப் பகுதியில் போர் பக்கங்களை நிறைத்துவிட, காதல் ஓரமாகக் காத்து நிற்கிறது. பிற்கால ஹேயர் படித்ததை மறைப்பதில் தேர்ந்தவர். 1965-ல் வந்த 'ஃபிரெடரிகா'வில் இயந்திரங்கள் மேல் பைத்தியமான ஃபீலிக்ஸ் என்ற சிறுவன் வருகிறான். லண்டனில் பலூன் பறக்கவிடுவதைப் பார்க்கப் போனவன், அதில் தொற்றிக்கொண்டு வானத்துக்கே போய்விடுகிறான். குளிரில் அவன் நோயில் விழ, அவனுடைய அக்கா ஃபிரெடரிகாவும் சோம்பேறிப் பிரபு ஆல்வர்ஸ்டோக்கும் அருகிலிருந்து பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பிரபு முதல்முறையாகப் பிறருக்காகக் கவலைப்படுகிறார். அந்நாளைய பலூன் பற்றி ஹேயர் எவ்வளவு படித்தாரோ தெரியாதபடி, அத்தனையும் ஒரு மனிதர் மாறுவதற்கான காரணமாகக் கரைந்துவிட்டது.

மொழியிலும் அதே கவனம். 1785-ல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதி, 1821-ல் பியர்ஸ் ஈகன் எழுதிய 'லைஃப் இன் லண்டன்' போன்றவை சேமித்து வைத்த பேச்சு அவருடைய இளைஞர்களின் வாயில் புரள்கிறது. 1961-ல் வேறொரு நாவலாசிரியர் ஹேயரின் கதைகளிலிருந்து எடுத்து எழுதுவதாக வாசகர் ஒருவர் அவருக்குத் தெரிவித்தார். எடுக்கப்பட்டவற்றை ஹேயர் சாவகாசமாக உட்கார்ந்து பட்டியல் போட்டார். அதில் இருந்த சொற்றொடர் ஒன்று, தனிச்சுற்றுக்கு மட்டும் அச்சான ஒரு நினைவுக் குறிப்பில் அவர் கண்டெடுத்தது. கடையில் வாங்கிப் படித்திருக்க முடியாத ஒன்று. யாருடைய உழைப்பு யாரிடம் போயிருக்கிறது என்பதை அந்தச் சொற்றொடரே காட்டிக்கொடுத்தது.

மிக அதிகமாகப் படித்த புத்தகத்தை அவரால் முடிக்கவே முடியவில்லை என்பது வருத்தம் தரும் செய்தி. ஐந்தாம் ஹென்றியின் தம்பி, பெட்ஃபோர்ட் பிரபு ஜானைப் பற்றிய மத்தியகால நாவல் அவருடைய கனவு. நாற்பது ஆண்டு வரலாற்றுக்கு நாள்வாரியாகக் குறிப்பு அட்டைகள் தயாரித்திருந்தார். வரி பாக்கி கழுத்தை நெரித்தபோதெல்லாம் அதை மூடி வைத்துவிட்டு இன்னொரு ரீஜென்சி கதை எழுத வேண்டியிருந்தது. அவர் இறந்த பிறகு 1975-ல் 'மை லார்ட் ஜான்' என்று அரைகுறையாக வெளிவந்தது.

மேசைக்கு வராத புத்தகங்கள்

ஹேயரை நேசிப்பவர்கள் நேராகப் பார்க்க வேண்டிய ஒரு பக்கம் உண்டு. அவர் படித்தவை பெரும்பாலும் பிரபுக்களின் கடிதங்கள், அதிகாரிகளின் குறிப்புகள், பணக்காரப் பெண்களுக்கான பத்திரிகைகள். அந்த உலகத்தை அவர் அணு அணுவாக அறிந்திருந்தார். அந்தப் பிரபுக்களின் தேநீரில் கரைந்த சர்க்கரை கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1833-ல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அவருடைய வரவேற்பறைகளில் இந்தச் சேதி கேட்பதே இல்லை.

1950-ல் வந்த 'தி கிராண்ட் சோஃபி' அவருடைய நாவல்களிலேயே மிகவும் விரும்பப்பட்ட ஒன்று. அதில் ஒரு யூத வட்டிக்கடைக்காரர் வருகிறார். காலங்காலமாக யூதர்கள் மேல் சுமத்தப்பட்ட இழிவான அடையாளங்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்த உருவம் அது. ஐரோப்பிய யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட கொடுமை உலகுக்குத் தெரிந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. தொப்பியின் விளிம்பைக்கூடச் சரிபார்த்தவர் இதைச் சரிபார்க்கவில்லை. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் தங்களைப் பற்றி எழுதியதைப் படிக்காவிட்டால், ஆயிரம் புத்தகம் இருந்தும் பழைய வெறுப்பு அப்படியே கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவுரி படிந்த கைகள்

வேறு புத்தகங்களைப் படித்தால் வேறு காதல் கதை பிறக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பெவர்லி ஜென்கின்ஸ் சான்று. 1951-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். அமெரிக்க வரலாற்றுக் காதல் நாவல்களில் கறுப்பின மக்கள் அநேகமாக இல்லாத காலத்தில், 1994-ல் அவருடைய முதல் நாவல் 'நைட் சாங்' வந்தது. நாயகி பள்ளி ஆசிரியை. நாயகன் கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட பத்தாம் குதிரைப்படையின் சார்ஜென்ட். களம் கான்சாஸ் மாநிலத்தில் கறுப்பின மக்கள் தாங்களே அமைத்துக்கொண்ட ஊர். அப்படிப்பட்ட ஊர்கள் உண்மையில் இருந்தன. 1877-ல் உருவான நிகோடெமஸ் இன்றும் இருக்கிறது.

1996-ல் வந்த 'இண்டிகோ'வின் நாயகி ஹெஸ்டர் வையட் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவள். சிறுவயதில் அவுரிச் சாயத்தில் வேலை செய்ததால் கைகளிலும் கால்களிலும் நீலம் நிலையாக ஏறிவிட்டது. தப்பி வரும் அடிமைகளை ஒளித்து வைத்து வடக்கே அனுப்பும் இரகசிய வலைப்பின்னலில் அவள் ஒருத்தி. காயம்பட்டுக் கிடக்கும் ஒருவனை அவள் தன் வீட்டில் மறைத்துக் காப்பாற்றுகிறாள். காதல் அங்கே தொடங்குகிறது. அந்த நீலக் கைகளை வெட்கப்பட வேண்டிய ஒன்றாக நினைக்கும் பெண்ணை ஒருவன் அந்தக் கைகளோடே நேசிக்கிறான். ரோஜா இதழ் விரல்களைக் கொண்டாடும் ஆயிரம் கதைகளுக்கு நடுவே இந்த ஒரு கதை எழுதப்படுவதற்கு, அடிமை உழைப்பின் வரலாற்றை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது.

ஜென்கின்ஸின் நாவல்கள் பலவற்றில் கடைசிப் பக்கங்களில் அவர் படித்த நூல்களின் பட்டியல் இருக்கும். காதல் கதைக்காக வந்த வாசகர் அங்கிருந்து வரலாற்று நூலைத் தேடிப் போகலாம். பள்ளிப் பாடத்தில் தங்கள் முன்னோரைக் காணாதவர்கள் காதல் நாவலில் கண்டுகொண்டார்கள்.

எழுத உட்காரும் இளைஞர்களுக்கு இந்த இரண்டு பெண்களின் மேசையையும் காட்ட ஆசைப்படுகிறேன். மற்றவர்களின் காதல் நாவல்களை மட்டும் படித்துவிட்டு எழுதினால், அவற்றின் நிழல்தான் நம் தாளில் விழும். கதையில் வருபவர் என்ன வேலை செய்கிறார், கையில் எவ்வளவு காசு, கடிதம் எத்தனை நாளில் போகும், எந்தச் சட்டம் தடுக்கும், யார் பார்த்துவிட்டால் வம்பு என்பவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டால், அவர் எந்த வேளையில் துணிவார், எந்த வேளையில் பின்வாங்குவார் என்பது தெரிந்துவிடும். ஹேயர் அதைச் செய்ததால் அவருடைய பிரபுக்கள் உயிரோடு நடக்கிறார்கள். யாரைப் பற்றிப் படிக்க மறுத்தாரோ அவர்கள் அங்கே மனிதர்களாகவே வரவில்லை.

ஆகவே, காதல் கதை எழுதுபவரிடம் கேட்கத் தகுந்த முதல் கேள்வி "யாரைக் காதலித்தீர்கள்?" என்பது இல்லை. "இப்போது என்ன படிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். யாருடைய காதலைச் சொல்லும் தகுதியை அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.